காசில் நிற்கும் பையன்கள்

கண்ணு,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ போன் எடுக்கவில்லை என்று குறை சொல்ல எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

நாணயக் கண்காட்சியில் அந்த ரோமப் பேரரசன் அகஸ்டஸின் வெள்ளிக்காசைப் பார்த்தேன். பிரான்சில் லியோன் நகரத்தில் அடித்தது. நம் கோயமுத்தூர்ப் பக்கப் புதையல்களில் நிறையக் கிடைத்த தினாரியஸ். பின்பக்கம் நிற்கிற இரண்டு பேரையும் ‘தட்டு வச்சிருக்கிற அண்ணனுங்க’ என்பாயே, அதேதான். தட்டில்லை, கேடயம். முன்பக்கம் அகஸ்டஸ், வயது அறுபது. காசில் மட்டும் இளவட்டம்!

பையன்கள் அவன் மகள்வயிற்றுப் பேரன்கள், கையஸும் லூசியஸும். தத்தெடுத்து மகன்களாக்கிக்கொண்டான். தலைக்குமேல் ஒரு கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். கரண்டி பூசையில் மது வார்க்க, கையஸ் பூசாரி என்பதற்கு. கோல், பறவை பார்த்துக் குறி சொல்லும் பதவி, அது லூசியஸுக்கு. மீசை அரும்பும் வயதில் இத்தனை!

அகஸ்டஸ் தன் 64-வது பிறந்தநாளில் கையஸுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ‘என் செல்லக் கழுதையே, நீ பக்கத்தில் இல்லாதபோது ஏங்கிப்போகிறேன்’ என்று கொஞ்சுகிறான். முடிக்கும்போது, என் இடத்துக்கு நீங்கள் வரவேண்டும் என்றும் சேர்த்துவிட்டான். சும்மா இருக்க முடிகிறதா அப்பன்களால்?

லூசியஸ் கி.பி. 2-இல் மார்சேயில் இறந்துபோனான். அப்புறம் கையஸ் ஆர்மீனியாவில் காயம்பட்டு, பதவி எதுவும் வேண்டாம், சிரியாவிலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதினான். கிழவன் இடிந்துபோனான். ஆனாலும் திட்டவில்லை. முதலில் இத்தாலிக்கு வா, பிறகு உன் இஷ்டம் என்றான். கையஸ் வரும் வழியிலேயே, இன்றைய துருக்கியில், கி.பி. 4-இல் போய்விட்டான். வயது 22. பழைய கதை, நீ எதையும் நினைத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அந்த கம்பெனியில் சேர்ந்ததை ஊருக்கே காசு அடித்து விட்டமாதிரி சொல்லித் திரிந்தவன் நான்தான். சித்தப்பாவிடம் சம்பளம்கூடச் சொன்னேன். இப்போது அவர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், என்ன இப்போது. அக்கா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருக்கலாம். சரி விடு.

மாடி ரூமுக்கு ஏசி போட்டாயிற்று. எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. டிக்கெட் போட்டால் கோயமுத்தூருக்கே போடு, சென்னையில் இறங்கி ராத்திரி பஸ் ஏறாதே. பணம் அனுப்பட்டுமா?

அப்பா