வங்கா நரியும் இலந்தங்கொட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நெருங்குகிறது. எங்கள் வாழப்பாடிப் பக்கத்துச் சில ஊர்களில் வங்கா நரி பிடிக்கும் பேச்சும் தொடங்கிவிட்டது. நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. வலை வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, ஊருக்குள் காட்டிவிட்டுப் பிறகு காட்டில் விடுவார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வனத்துறை எச்சரிக்கிறது, அபராதமும் போடுகிறது. சட்டத்தைச் சொன்னால், “அதான் உயிரோடு விட்டுடுறோமே” என்கிறார்கள். அதனால் நான் இப்போதெல்லாம் அவர்களிடம் இலந்தையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வால் நுனி கறுத்த இந்தச் சின்ன நரி கறையான், வண்டு, எலி, ஓணான் எல்லாம் தின்னும். பழமும் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. வேப்பம்பழம், நாவல், ஆலம்பழம் எதையும் விடாது. மார்கழி, தையில் இலந்தை. உதிர்ந்த பழத்தை அப்படியே விழுங்கும். சதை செரித்துவிடும், கல் மாதிரியான கொட்டை சேதமில்லாமல் எச்சத்தோடு வெளியே வரும். அதற்குள் நரி அந்த மரத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கும். ஆடு ஓட்டிக்கொண்டு கரடு என்கிற சிறு பாறைக்குன்றுப் பக்கம் போகும்போது பாறை மேலும் தடத்து ஓரத்திலும் அந்த எச்சத்தைப் பார்க்கலாம். குச்சியால் கிளறினால் வண்டு ஓடுகளுக்கு நடுவே இலந்தங்கொட்டை கிடக்கும். எல்லாம் முளைக்காது, சரி. பாறையில் விழுந்தது காயும், சிலதை எலி கடித்துவிடும். ஆனால் தாய் மரத்தடியிலேயே குவிந்து கிடக்கும் கொட்டைக்கு இந்த வாய்ப்புகூடக் கிடையாது. எங்கள் கரட்டில் இலந்தை நட்டவர் யாருமில்லை. பறவையும் ஆடும் நரியும் போட்ட விதைதான் அங்கே மரமாக நிற்கிறது.

இந்தக் குளிர் மாதங்களில்தான் நரிகள் ஜோடி சேர்கின்றன. சினைக்காலம் ஏறக்குறைய ஏழு வாரம். மாசி, பங்குனியில் வளைக்குள் குட்டிகள் இருக்கும். வலையில் சிக்கி, வாய் கட்டுண்டு, கூட்டத்துக்கு நடுவே இழுபட்ட பெண் நரி அப்புறம் என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நரி முகத்தில் விழிக்க ஆசைப்படுகிறவர்கள் விடியற்காலையில் கரட்டோரம் போய் அமைதியாக உட்காரட்டும். வளைக்குத் திரும்பும் நரி கண்ணில் படும். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்தத் தையில் வாய் கட்டிய நரியின் படம் வந்தால் அதைத் திருவிழாப் படமாகப் போடாதீர்கள். பழுத்து நிற்கும் எங்கள் இலந்தைக் கரட்டைப் படம் எடுக்க ஆள் அனுப்புங்கள், நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்