ஊதும் சோதனையில் இனக் கணக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நுரையீரல் நோய் என்றாலே சிகரெட்டைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு விஷயத்தையும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதுங்கள். அங்கே ஒருவர் ஸ்பைரோமீட்டரில் (மூச்சின் அளவைப் பார்க்கும் கருவி) ஊதும்போது கறுப்பினத்தவர் என்று பதிவு செய்தால், அவருக்கு இருக்க வேண்டிய மூச்சு அளவையே 10 முதல் 15 சதவீதம் குறைத்துக் கணக்கிடும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது, ஆசியர்களுக்கும் 4 முதல் 6 சதவீதம், அதனால் மூச்சு குறைவாக வந்தாலும் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே விழும்.

ஆனால் சி.டி. ஸ்கேனில் இப்படி இனம் பார்த்துக் குறைப்பதெல்லாம் கிடையாது. காற்றறைகள் சிதைந்த இடம் கறுப்பு ஓட்டைகளாக அப்படியே தெரியும். சிகாகோ, பர்மிங்காம், மினியாபொலிஸ், ஓக்லாந்து நகரங்களில் நடக்கும் கார்டியா என்ற நீண்டகால இதய நல ஆய்வின் ஸ்கேன்களை வைத்து 2022-ல் வந்த கட்டுரை இதைத்தான் காட்டியது: ஊதும் சோதனையில் நார்மல் என்று வந்த கறுப்பின ஆண்களிடம், அதே நார்மல் வாங்கிய வெள்ளையின ஆண்களைவிட எம்பைசீமா, அதாவது இந்தக் காற்றறைச் சிதைவு, அதிகம். இனம் பார்க்காத சூத்திரத்தில் போட்டபோது அந்த இடைவெளி குறைந்தது.

இதன் வேர் அடிமை முறைக் காலத்திலேயே இருக்கிறது, அடிமைகளின் நுரையீரல் பிறவியிலேயே குறைவு என்று எழுதிய சாமுவேல் கார்ட்ரைட் ஒரு மருத்துவர் என்பதுதான் கொடுமை.

2023-ல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இனம் பார்க்காத சூத்திரத்தையே பரிந்துரைத்துவிட்டது. சரி, நம் லேப்களில் எந்தச் சூத்திரம் ஓடுகிறது? ஒரு நுரையீரல் நிபுணரிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்