லைன் கிடைக்காத மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழைதான் விட்டபாடில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கொழும்பு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலையாதே. பொங்கலுக்கு வந்து போனபிறகு உன் குரலையே கேட்கவில்லை. எடுத்தால் லைன் பிஸி என்கிறது, இல்லாவிட்டால் அடித்து ஓய்கிறது. அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். பரவாயில்லை, யாரோடாவது பேசினால் சரி.

நீ அனுப்பிய பெரிய ஆங்கில அகராதி நனையாமல் வந்து சேர்ந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த காலமெல்லாம் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மகள் சம்பளத்தில் வந்திருக்கிறது என்று பெரியப்பா வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

முதலில் 'லைன்' என்ற சொல்லைத்தான் எடுத்துப் பார்த்தேன். அதன் அர்த்தங்கள் பத்தி பத்தியாகப் போகின்றன. ஆனால் எல்லாம் ஒரு செடியில் தொடங்குகிறது. லத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு லினும் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லினியா. அந்த நூல்தான் லைன். லினன் துணியும் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். உடுப்பின் உட்பக்கம் லினன் வைத்துத் தைத்ததால் அதற்கு லைனிங் என்று பெயர் வந்தது. தம்பியின் கிரிக்கெட் பேட்டுக்கு நீ துணியில் தொட்டுத் தொட்டுப் பூசுவாயே, அந்த லின்சீட் எண்ணெய்கூட ஆளிவிதை எண்ணெய்தான்.

நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. மேசன் இன்றைக்கும் நூல் கட்டித்தானே கல் வைக்கிறார். கோட்டிலிருந்து வரிசை வந்தது. பிறகு கவிதையின் அடி, நடிகன் பேசும் வசனம், தூண்டில் கயிறு, தந்திக் கம்பி என்று போய்க்கொண்டே இருக்கிறது. கப்பற்காரர்களுக்கு லைன் என்றால் பூமத்திய ரேகை. நமக்கு மெயின் லைன் என்றால் கோச்சிப் பாதை. அது ஹட்டனுக்கு வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. உன்னைப் பேராதனைக்கு ஏற்றிவிட்டதும் அந்த லைனில்தான். இந்த லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நீ. அன்றைக்கு ஸ்டேசனுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைத்துப் பார்.

வாசித்ததை அம்மாவுக்கும் சொன்னேன். "லைன் என்றால் நிரைதானே, இதற்கு இத்தனை பெரிய புத்தகமா" என்று கேட்டாள். அவள் சொன்னது சரி. அவள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த காலம் என்ன கொஞ்சமா? ஒரு நிரையில் ஏறி அடுத்த நிரையில் இறங்கி, அட்டைக்கடியோடு அவள் எடுத்த கொழுந்தில்தான் உன் டியூசன் காசு வந்தது. யாப்பில் நேர், நிரை என்று அசையைப் பிரித்துப் படித்தாய் அல்லவா? ஆங்கிலக்காரன் நேராக இருப்பதையும் நிரையாக இருப்பதையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

சரி, நம் லயனுக்கு வருகிறேன். பட்டாளத்தின் கூடாரங்களையும் குடிசைகளையும் வரிசையாகப் போட்டால் அதற்கு லைன்ஸ் என்று பெயர். இந்தியாவில் சிப்பாய்கள் இருந்த இடத்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் துரைமார் நம் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டு வரிசைக்கும் அதே பெயர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதற்குப் பிறகு மலை முழுக்கப் பயிர் மாறியது. லைன் மாறவில்லை. நம் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆகிவிட்டது. சங்கீதத்தில் சொல்கிற லயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வடமொழி. குதிரை லாயத்தோடு சேர்த்து மேடையில் பேசுகிறவர்களும் உண்டு. நம் துன்பத்தைச் சொல்லத்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் எனக்குக் கேட்கப் பிடிக்காது. அதற்குள் பிறந்தவர்கள் மனிதர்கள்.

நீ உயர்தரம் படித்தபோது பக்கத்துக் காம்பராவில் ரேடியோ போடவே இல்லை. நடுச்சுவர் கூரையைத் தொடாது, சத்தம் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அவர்களாகவே அடைத்து வைத்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்த அக்கா இப்போதும் உன்னைப் பற்றித்தான் விசாரிக்கிறாள். நீ அவளுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம்.

இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. லைன் என்றால் வம்சம். அப்பனுக்கு அப்பன், அவனுக்கு அப்பன் என்று போகிற வரிசை. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வரிசையைத்தான் கேட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாத்தா இதே பணிய லயத்தில்தான் பிறந்தார். அவருடைய ஐயா கடல் கடந்து வந்தவர். அவ்வளவுதான், தாத்தா எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார். பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். இந்தியாவுக்குப் போன கூடலூர் சின்னத்தாத்தா கதை உனக்குத் தெரியும். தாத்தா பிரஜாவுரிமைக் கடதாசிக்காக அலைந்த கதையும் உனக்கு மனப்பாடம். ஒரு முகவரியை எழுதிக் காட்டுவதற்காக அந்த மனிதர் எத்தனை கந்தோர் வாசலில் நின்றார் மகள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், கல்யாணப் பேச்சுக்காக அந்தத் தம்பி வீட்டாருக்கு நீ அனுப்பிய குறிப்பை மாமா எனக்கும் காட்டினார். முகவரியில் ஹட்டன் என்று மட்டும் இருந்தது. தோட்டத்தின் பெயர் இல்லை, டிவிசன் இல்லை. அவசரத்தில் விடுபட்டிருக்கும். உனக்கு வேலை அதிகம்.

டெட்லைன், டெட்லைன் என்று எப்போதும் சொல்வாய். அதையும் தேடிப் பார்த்தேன், பார்த்து மனது கஷ்டமாகிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864இல், அண்டர்சன்வில் என்ற இடத்தில் கைதி முகாம் இருந்தது. அதன் வேலிக்கு உள்ளே ஒரு கோடு. அதைத் தாண்டுகிற கைதியைக் காவலாளி சுட்டுவிடுவான். அதுதான் டெட்லைன். பத்திரிகை வேலைக்கு அந்தச் சொல் பிறகுதான் வந்தது. வேலையை ஒழுங்காகச் செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் பிந்தினால் யாரும் சுட மாட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு.

அம்மா ஒரு விஷயம் சொன்னாள். அந்தத் தம்பி வீட்டு வெள்ளவத்தைக்காரர்கள் வரும்போது ஹட்டனில் மண்டபம் பிடிக்கலாம் என்று சொன்னாயாம். தோட்டத்துப் பாதை சரியில்லை, வயதானவர்களுக்குக் கஷ்டம் என்றாயாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. வரப்போகிறவர்களின் வசதியையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பாதையைப் பற்றி உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. கோயிலடி வரைக்கும் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். வேன் தாராளமாக வரும். அங்கிருந்து நம் வாசலுக்குப் படிதான், அதுவும் பெரியப்பா மகன் இரண்டு பக்கமும் பைப் வைத்துக் கைப்பிடி போட்டுத் தருகிறேன் என்கிறான். இஸ்தோப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பக்கத்துக் காம்பராவிலும் கதிரை தருகிறேன் என்றார்கள். மழை வந்தால் முன்பக்கம் தறப்பாள் கட்டிக்கொள்ளலாம்.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்குச் சந்தோஷம். நல்ல பிள்ளை என்றால் உன்னோடு இந்தப் படியில் ஏறி வருவான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்குத் தண்ணீர் லைனைத் துப்புரவு செய்கிறார்கள். சனிக்கிழமை என்றால் நல்லது. எத்தனை பேர் வருகிறார்கள், யாராவது சைவமா, சீனி வருத்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று அம்மா கேட்கிறாள். இதையாவது என்னிடம் நேரே சொல். இரவு எட்டு மணிக்குப் பிறகு போன் எடு, மேலே மாரியம்மன் கோயில் பக்கம் ஏறி நிற்கிறேன். அங்கே லைன் நன்றாகக் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா