கால்வாய்க்கரை கல்லறைத் தோட்டத்தில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: கால்வாய்க்கரையில் உள்ள சிறிய பாப்டிஸ்ட் சபையின் மக்கள்

பெறுநர்: மண்டல அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மனுக்களுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. இணையத்தில் கொடுத்த புகாருக்கு மட்டும் 'நடவடிக்கை எடுத்து முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அது வந்தபோது நான் தோட்டத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன், முழங்கால் அளவு தண்ணீரில். தாங்கள் பொறுப்பேற்ற புதிதில் பறக்கும் ரயில் தூண்களை ஒட்டி நடந்தே வந்து பார்த்தவர், அதனால் இடத்தை விளக்க வேண்டியதில்லை. துருப்பிடித்த பச்சை கேட், வேப்பமரம், பின்சுவருக்கு அப்பால் பக்கிங்காம் கால்வாய்.

1. ரோட்டை இரண்டு முறை உயர்த்திப் போட்டதில் தோட்டம் பள்ளமாகிவிட்டது. மழைநீர் வடிகாலைக் கட்டியவர்கள் அதன் வாயை எங்கள் பக்கச் சுவரோடு விட்டுவிட்டுப் போனார்கள், தெருத் தண்ணீர் மொத்தமும் உள்ளே வருகிறது. கடல் ஏற்றம் இருக்கும் நாட்களில் கால்வாய்த் தண்ணீரும் பின்சுவர் உடைப்பு வழியாக எதிர்த்து ஏறுகிறது.

2. கேட்டிலிருந்து உள்ளே போகப் பாதை இல்லை. விளக்கும் இல்லை.

3. சென்ற நவம்பரில் எங்கள் போதகர் ஐயா இறந்துபோனார். 38 வருஷம் இதே சபையில் இருந்தவர். குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. நான்கு பேர் குழிக்குள் நின்று பக்கெட்டால் இறைத்தோம், ஒரு மணி நேரம் இறைத்தும் இடுப்பளவு நின்றது, மழை வேறு விடவில்லை. வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கினோம். பெட்டி மிதந்தது ஐயா. மூங்கில் கழியால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடிந்த சுவர்க் கற்களைப் பொறுக்கி வந்து மேலே அடுக்கி, அப்புறம்தான் மண் போட முடிந்தது. அந்தக் கழிகளில் ஒன்றைப் பிடித்திருந்தவன் நான். எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்து, விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்த பிறகு முழுசாகத் தண்ணீருக்குள் இறக்கி எழுப்புவார்கள். என்னை அப்படி இறக்கி, மூச்சு முட்டுவதற்குள் தூக்கி நிறுத்திய மனிதரை நான் கழியால் அமுக்கிக்கொண்டிருந்தேன். போதகரம்மா குடைகூடப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

4. போதகர் ஐயாவைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக இதை எழுதுகிறேன். அவர் அடிக்கடி சொல்வது ஜான் கிளௌ என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரியின் கதை. 1866-ல் இன்றைய ஆந்திராவில் இருக்கும் ஓங்கோலுக்கு வந்தவர். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, இதே பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் வேலையை அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்து, பசியோடு வந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று ஆகிவிடக் கூடாது என்று அந்த நாட்களில் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். எல்லோரும் அந்த எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். ஐயா அதற்கு முந்தைய பாதியைத்தான் பிடித்துக்கொண்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சபைக் கட்டடத்தைத் திறந்துவிட்டு, பெஞ்சுகளை அடுக்கி, தெருவே ஒன்பது நாள் அங்கே தங்கியபோது, ஒருவரிடம்கூட வேதப் பேச்சு எடுக்கக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சாப்பிட வந்தவங்களுக்குச் சாப்பாடு போடு, அவ்வளவுதான்" என்பார். அன்று அங்கே படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் எங்கள் சபையார் இல்லை.

நம் ஊரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதியும் 1877–78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியதுதான். பட்டினி கிடந்தவர்கள் மண் சுமந்து வெட்டிய கால்வாய் ஐயா இது. அதைத் தூர் வாராமல் விட்டு, அதன் சாக்கடை செத்தவர்கள் மேல் ஏறுகிறதே, இதைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லையா?

5. கால்வாய் எங்களுடையது இல்லை என்று ஓர் அலுவலகம் சொல்கிறது, சுவர் எங்களுடையது இல்லை என்று இன்னொன்று சொல்கிறது. சரி, யாருடையது என்றாவது எழுதிக் கொடுங்கள். பாப்டிஸ்ட் சபைகள் ஒவ்வொன்றும் தனித்தனி, எங்களுக்காகத் தொலைபேசியில் பேச மேலே பிஷப் கிடையாது. ஐயா இருந்தவரை அவரே சைக்கிளில் வந்து தங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பார், முதல் இரண்டு மனுக்கள் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன. தனக்குக் குழி வெட்டப்போகும் இடத்துக்காக என்று நினைத்து அவர் எழுதவில்லை. அந்த வருஷம் ஒரு கைக்குழந்தையை அந்தத் தண்ணீரில் புதைத்துவிட்டு வந்து, இரவோடு இரவாக எழுதினார்.

6. ஐயா, தயவுசெய்து.

அவருக்குச் சிலை கேட்கவில்லை, தெருவுக்குப் பெயர் வைக்கச் சொல்லவில்லை. வடிகால் வாயைத் திருப்பிவிட வேண்டும், பின்சுவரை எழுப்பித் தர வேண்டும், மண் கொட்டி மேடாக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்குள் வேண்டும். பாதையும் விளக்கும் அப்புறம் வந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம், தண்ணீரை மட்டும் நிறுத்துங்கள்.

போதகரம்மாவுக்கு 81 வயது. ஐயாவுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். போன வாரம் ஒரு மழைக்கே அங்கே தண்ணீர் நின்றது. "என்னையும் இப்படித்தான் அமுக்குவீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சபை மக்களும் தெரு மக்களும்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், நவம்பரில் எடுத்த புகைப்படங்கள், கையெழுத்துத் தாள்கள்