அந்த ‘வெள்ளைக்காரப் பாட்டி’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி மலை ரயில் தலைகாட்டிய படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். பாட்டுக் காட்சிகளுக்கு அரைப் பக்கம். டேவிட் லீனின் ‘எ பாஸேஜ் டு இந்தியா’வுக்கு ஒரே வரி, அதிலும் ‘ரயிலில் வரும் வெள்ளைக்காரப் பாட்டி’ என்றதோடு சரி. அந்தப் பாட்டியின் பெயர் பெக்கி ஆஷ்கிராஃப்ட். அந்த வேடத்துக்குத்தான் 1985இல், 77 வயதில், ஆஸ்கர் வாங்கினார். துணை நடிகை விருதை அவ்வளவு வயதில் வாங்கியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

நான் அந்த ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். படத்தை முதலில் பார்த்தபோது என் கண்ணிலும் அவர் படவில்லை. அதில் நடித்த விக்டர் பானர்ஜி ஓடும் ரயிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வருவார். எங்கள் வண்டியில் எந்தப் பயணியாவது அப்படித் தொங்கியிருந்தால் மறுநாளே எனக்கு மெமோ! அந்தப் பதைப்பில் பாட்டியை எங்கே கவனிக்க?

அப்புறம் லண்டன் பக்கம் குராய்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கிற வழியில் ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ். அதற்குள் ஆஷ்கிராஃப்ட் தியேட்டர். விசாரித்தால் நம் பாட்டிதான்! குராய்டன் அவர் பிறந்த ஊர். அரங்கு திறந்தது 1962இல், ஆஸ்கருக்கு 23 வருஷம் முன்னால்.

1930இல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அமெரிக்க நடிகர் பால் ராப்சன் ஒத்தெல்லோவாக நடித்தபோது, மனைவி டெஸ்டிமோனா இவர்தான், வயது 22. 1935இல் ஆங்கில மேடை நடிகர்கள் கில்குட்டும் ஒலிவியேயும் ரோமியோ வேடத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஜூலியட் மட்டும் மாறவில்லை. 1963இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைத் தொகுத்துப் போட்டபோது மார்கரெட் ராணி வேடம். கல்யாணப் பெண்ணாக வந்து, சாபமிடும் கிழவியாக முடிப்பார். பி.பி.சி. அதை 1965இல் ஒளிபரப்பியது. மருமகன் டிஸ்க் வாங்கித் தந்தார். எதிரியின் தலையில் காகிதக் கிரீடம் வைத்து, அவன் மகனின் ரத்தம் தோய்ந்த துணியைக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள் என்கிறார். பேரனை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டேன். அதே பெண்தான் இருபது வருஷம் கழித்து ‘எ பாஸேஜ் டு இந்தியா’வில் குகையிலிருந்து மூச்சுத் திணறி வெளியே வருகிற மூர் அம்மாள்.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பற்றி எழுதினால் பாட்டியின் பெயரையும் போடுங்கள். இன்னொன்று: படத்தில் வரும் குகைகள் நம் மலையில் இல்லை. அந்தக் காட்சிகளை எடுத்தது பெங்களூர் பக்கம் சாவனதுர்காவில். யாராவது கல்லாறில் இறங்கிக் குகை எங்கே என்று கேட்கப் போகிறார்கள்.

– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மேட்டுப்பாளையம்