பிலிகிரிரங்கன் மலைக்குப் போய் வந்தேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. தாளவாடி வழியாகக் கர்நாடகத்துச் சாமராஜநகர் போய், பிலிகிரிரங்கன் மலையில் நான்கு நாள் தங்கிவிட்டு நேற்றுதான் திரும்பினேன். மூட்டுவலி எப்படி இருக்கிறது? பேத்தியைப் பள்ளியில் சேர்த்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, மலைக்கு வருகிறேன். முப்பது வருடம் வனத்துறையில் இருந்தவன் நீ. காட்டில் தீ என்றால் உனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இதை உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

அந்த மலையின் பழங்குடிகளான சோளகர்கள் தங்கள் குடியிருப்பை நம் பக்கம் ‘தொட்டி’ என்பார்கள், அங்கே ‘போடு’ என்கிறார்கள். அப்படி ஒரு போட்டில், ஒரு பெரியவர் என்னை ஒரு நெல்லி மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கிளையைக் காட்டினார். நெல்லி இலை பொடிப்பொடியாக இருக்குமல்லவா, அதன் நடுவே தடித்த, அகன்ற இலையோடு வேறொரு கொத்து. மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவி. அது ஒட்டியிருந்த இடத்தில் கிளை கழலை போல வீங்கியிருந்தது. அதைத் தாண்டியிருந்த பகுதி வெறும் சுள்ளி. தொட்டதும் ஒடிந்தது. அவர் சின்ன வயதில் இப்படி இல்லையாம். அப்போது தரகு பெங்கி வைப்பார்கள், அதில் புல்லுருவி அடங்கியிருக்குமாம். தரகு என்றால் சருகு, பெங்கி தீ. பனி ஈரம் இருக்கும்போதே, சருகு கொஞ்சமாகக் கிடக்கும்போதே வைத்துவிடுவதால் தீ முழங்காலுக்கு மேல் எழாது. மரம் தப்பும், புல் துளிர்க்கும், மான் வரும்.

1974இல் அந்த மலைக்காடு வனவிலங்குச் சரணாலயம் ஆனதும் அந்தத் தீ நின்றது. அப்புறம் வந்தது உண்ணிச்செடி, வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை மூடும் புதர் (லாண்டானா). ஆய்வாளர்கள் அடையாளமிட்ட இடங்களில் 1997இல் 41 சதவீதத்தில் இருந்தது, 2008இல் 81 சதவீதத்தில் இருந்தது. தீ நின்றது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புதருக்குள் குனிந்து பார்த்தேன், நண்பா. ஒரு புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் கடமான் எதைத் தின்னும், புலி எதைத் தின்னும்?

இப்போது அப்படியே தீ வைத்தால் புதர் முழுக்கப் பற்றி மரமே கருகும். அதனால் முதலில் செடியை எடுக்க வேண்டும். மண்ணுக்குக் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. காய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், பிறகு இரண்டு மூன்று வருடம் முளைக்கிறதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒரு முறை வெட்டிவிட்டுப் போய்விடுவார். வருடா வருடம் திரும்பி வந்து பார்க்க, அங்கேயே குடியிருக்கிறவர்களால்தான் முடியும்.

2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகம் ஆனது. அதே வருடம் அக்டோபரில், 2006 வன உரிமைச் சட்டப்படி சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குக் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. தேன், நெல்லி எடுக்கலாம் என்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. காட்டைக் காக்கவும் பராமரிக்கவும் உரிமை தருகிறது. முதல் பாதியைத்தான் நாம் பேசுகிறோம், இரண்டாவது பாதியைத் திட்டத்தில் எழுதுவதே இல்லை என்று எனக்கு வருத்தம். மனிதர் இருந்தால் புலி இருக்காது என்று நாம் இருவரும் ஒரு காலத்தில் நம்பினோமே, 2010க்கும் 2014க்கும் நடுவில் அங்கே புலிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

நெல்லியையே எடுத்துக்கொள். புள்ளிமான் விழுந்த காயைத் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்புகிறது. அங்கே கன்று முளைக்கிறது. அதனால் காய் முழுவதையும் பறிக்காமல் கொஞ்சம் மரத்திலேயே விடுகிறார் அந்தப் பெரியவர். இந்தக் கணக்கு உங்கள் வனத்துறையின் எந்தச் செயல் திட்டத்திலாவது இருந்ததா, சொல்.

அப்புறம் ஒரு உதவி. கோடை வருமுன், தீ பரவாமலிருக்க விடும் தீத்தடுப்புக் கோடுகளை உங்கள் துறையே எரிக்குமே, ஈரம், காற்று, நேரமெல்லாம் எப்படிப் பார்த்து முடிவு செய்வீர்கள்? விவரமாக எழுது. தை பிறந்ததும் மறுபடி போகிறேன், அவர்கள் சொல்வதோடு வைத்துப் பார்க்க ஆசை. மூட்டு விட்டால் நீயும் வா. போடு வரைக்கும் ஜீப் போகிறது. உனக்காக ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்