உன் பிரியஸுக்கு வருத்தம் இல்லை, மச்சான்

பரந்தன்,
தை மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்பு, தங்கச்சியின் புது வேலை, உன் முழங்கால் நோ எல்லாம் எழுதிவிட்டு, காரைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாய். அந்த நாலு வரியும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் மற்ற விஷயங்களைப் பின்னால் வைத்துக்கொண்டு முதலில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்தானே உன் ரொயோட்டா பிரியஸ். கோடையில் நூறு கிலோமீற்றருக்கு 4.7 லீற்றர் குடித்த அது இந்தக் குளிர்காலத்தில் 6.6 குடிக்கிறது என்கிறாய். பார்த்த கராச்காரர் ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று சொல்லி, மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கிறார் என்கிறாய். அவசரப்பட்டு மாற்றிவிடாதே. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் பெரிய தடயம்.

இங்கே நாங்கள் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்றுதான் கணக்குப் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் உன் கார் 21 இலிருந்து 15க்கு இறங்கியிருக்கிறது. ஏறக்குறைய 30 வீதம். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. 25 பாகை வெப்பத்தில் நகரத்துக்குள் ஓடுவதோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 பாகையில் சாதாரணப் பெற்றோல் கார் 15 வீதம் அளவில் இழக்கும். ஹைபிரிட் கார் 30 முதல் 34 வீதம் வரை இழக்கும். உன் ஊரில் காலையில் மைனஸ் பத்து, பதினைந்து என்று எழுதியிருக்கிறாய். வேலைக்கும் ஐந்து கிலோமீற்றர்தான் தூரம். அப்படியானால் 6.6 என்பது அந்தக் கார் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான கணக்கு.

ஏன் இப்படி என்று உனக்கு நான் பெரிதாக விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் நாங்கள் இரண்டு பேரும் இதைக் கையாலேயே படித்தவர்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்குள் வராது. உன் அப்பாவின் ஹொண்டா மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு உதைப்போம். எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெயில் பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது எரியாது. அதனால்தான் முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கினாலும் எஞ்சினை நிறுத்த மனம் வராது. நின்று ஆறிவிட்டால் திரும்பவும் அந்தப் போத்தலைத் திறக்க வேண்டும்.

மைனஸ் பதினைந்து பாகையில் உன் பெற்றோலுக்கும் அதே பாடுதான். குளிர்ந்த இரும்பில் படும் பெற்றோல் முழுதாக ஆவியாவதில்லை. எரியக்கூடிய அளவு ஆவி வரவேண்டும் என்பதற்காகக் காரின் கணினி கூடுதலாகப் பெற்றோலைத் தெளிக்கிறது. ஓயில் தடித்துப் போய்க் கிடக்கிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் சூடாகாமல் தன் வேலையைச் செய்யாது, அதையும் சூடாக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் நீ ஹீற்றரைப் போட்டு, எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரின் சூட்டைக் காருக்குள் இழுக்கிறாய். உன் மாதிரிக் காரில் அறையைச் சூடாக்குவது முக்கியமாக அந்தத் தண்ணீர்தான். குளிர்காலத்தில் உன் எஞ்சின் பாதி நேரம் அடுப்பு வேலை பார்க்கிறது.

சாதாரணக் காரைவிட ஹைபிரிட்டுக்கு ஏன் இழப்புக் கூட என்றால், ஹைபிரிட்டின் சிக்கனமே எஞ்சினை நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது நிற்கும், மெதுவாக ஊரும்போது நிற்கும், பள்ளத்தில் இறங்கும்போது நிற்கும். குளிரில் அப்படி நிற்க முடியாது. தண்ணீர் 70 பாகையை அண்மிக்கும் வரை எஞ்சின் தாராளமாக நிற்காது. அந்தச் சூட்டுக்கு வருவதற்கு முன்பே நீ வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறாய். பின்னேரம் வரும்போது மறுபடியும் பனிக்கட்டியிலிருந்து தொடக்கம். அதோடு, சிக்கனமான எஞ்சின் என்றால் வீணாகும் சூடு குறைவு. வீணாகும் சூடு குறைந்தால் சூடேற நேரம் எடுக்கும். கோடையில் உனக்கு லாபம் தந்த அதே குணம் மாரியில் எதிராக நிற்கிறது.

ரொயோட்டாக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் ஒரு பிளாஸ்க்கையே வைத்திருந்தார்கள். கார் ஓடி முடிந்ததும் எஞ்சினைச் சுற்றிவரும் அந்தத் தண்ணீர், அதாவது கூலன்ற், சூடாக மூன்று லீற்றர் அளவில் அதற்குள் போய் இருந்துகொள்ளும். அடுத்த நாள் ஸ்ராட் பண்ணும்போது அதே சூட்டை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும். உன்னுடைய மூன்றாம் தலைமுறையில் அது இல்லை. அதற்குப் பதிலாக வெளியே போகும் புகையின் சூட்டை எடுத்துக் கூலன்றுக்குக் கொடுக்கும் அமைப்பு ஒன்றை வைத்தார்கள். சூட்டைக் காப்பாற்றினால்தான் பெற்றோலைக் காப்பாற்றலாம் என்பதை அவர்கள் இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நீயும் அந்த வழியிலேயே போ.

முதல் வேலையாக புளொக் ஹீற்றர் ஒன்று பூட்டு. எஞ்சினை வீட்டு மின்சாரத்தில் சூடாக்கும் சின்னச் சாமான்தான், உன் நாட்டில் அது புதினமில்லை. இரவு முழுக்கச் செருகி வைக்காதே, அது மின்சாரத்துக்குக் கேடு. ரைமர் போட்டு, புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாக ஓடவிட்டால் போதும். உன்னைப் போல் கிட்டத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது என் நிச்சயமான எண்ணம்.

காரின் முன்பக்கம் காற்றுப் போகும் சட்டமான கிறிலை மறைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். மறைக்கலாம். குளிர்க் காற்று உள்ளே அடித்து எஞ்சினை ஆற்றுவதை அது குறைக்கும். குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ஸ்பொஞ்சை வெட்டி, கிறில் சட்டங்களுக்கு இடையில் செருகுகிறார்கள். ஆனால் முழுவதையும் அடைக்காதே, கொஞ்ச இடம் விடு. உன் காரில் எஞ்சினுக்கு மட்டுமல்ல, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கும் தனிக் கூலன்ற் ஓடுகிறது, அதற்கும் காற்று வேண்டும். பனி உருகத் தொடங்கினால் அன்றைக்கே கழற்றிவிடு. கழற்ற மறந்துபோவாய் என்றால் பூட்டவே வேண்டாம்.

காலையில் காரை வாசலில் நிறுத்தி வைத்துச் சூடாக்கும் பழக்கத்தை விட்டுவிடு. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும், அந்த நேரம் முழுக்க நீ சைபர் கிலோமீற்றருக்குப் பெற்றோல் எரிக்கிறாய். கண்ணாடியைச் சுரண்டித் துடைத்துவிட்டு, அரை நிமிடத்தில் புறப்பட்டு, மெல்ல மெல்ல ஓட்டிப் போ. ஹீற்றரை 24 இல் வைக்காமல் 20 அளவில் வை. சீற் சூடாக்கி இருந்தால் முதலில் அதைப் போடு. அது மின்சாரத்தில் உன் முதுகை நேராகச் சூடாக்கும், எஞ்சினை அவ்வளவாகக் கரைச்சல்படுத்தாது. கடைக்கும் கோயிலுக்கும் மருந்துக்கும் தனித்தனியாகப் போகாமல் ஒரே ஓட்டமாகப் போ. தூரத்து இடத்துக்கு முதலில் போனால் எஞ்சின் அங்கேயே நன்றாகச் சூடாகிவிடும், பிறகு கிட்டத்து இடங்களில் நின்று நின்று வந்தாலும் முழுக்க ஆறாது.

ரயர் காற்று முக்கியம். வெப்பம் ஐந்தாறு பாகை இறங்கினால் ரயரில் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (ரயர்க் காற்றை அளக்கும் அலகு) குறையும். செப்டெம்பரில் 20 பாகையில் 35 அடித்து விட்டாய் என்று வை, மைனஸ் 15 இல் அது 29 அளவில் நிற்கும். காரை ஓட்ட முன்னம், காலையில், வெளிக் குளிரிலேயே அளந்து அடி. ஓயில் உன் காரின் கையேட்டில் உள்ளபடி 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஓயிலாகவே இருக்கட்டும், தடித்த ஓயில் ஊற்ற யாரையும் விடாதே.

இரண்டு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே என்று உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். குளிர்கால ரயர் கொஞ்சம் கூட இழுக்கும், பெற்றோலும் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும். கண்ணாடியில் பனிமூட்டம் பிடித்தால் அதைப் போக்கும் டிபிரொஸ்ரரைத் தயங்காமல் போடு. அதோடு ஏசியும் ஓடத் தொடங்கும், எஞ்சினும் நிற்காமல் ஓடும், ஓடட்டும். உன் முழங்கால் விறைக்க விறைக்க ஹீற்றரை நிறுத்தி வைத்து லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் மிச்சம் பிடிக்கும் வேலையும் வேண்டாம். காரைச் சூடாக வைத்து, நீயும் சூடாக இரு.

இனிப் பற்றரிக் கதை. குளிரில் உன் காரில் உள்ள மாதிரி நிக்கல் பற்றரி சோம்பல்பட்டுத்தான் போகும். உள்ளே தடை கூடுவதால் கணினி அதற்குள் பாயும் மின்சாரத்தையும், அதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையும் மட்டுப்படுத்தும். பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் அதனால் குறையும். கார் சூடேறப் பற்றரியும் வழிக்கு வரும். இதைப் பார்த்துத்தான் பழுது என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உண்மையாகப் பழுது என்றால் விளக்கு எரியும், கணினியில் ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் பீ0ஏ80 என்ற குறி பதிவாகும். அப்படி இல்லாவிட்டாலும் சந்தேகம் தீர வழி இருக்கிறது. உன் பற்றரியில் 28 கட்டைகள், கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 சோடியாகப் பார்க்கும். காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் ஒன்றைச் செருகி, கார் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சோடியின் வோல்ற்றையும் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் பற்றரி நலம். ஒன்று மட்டும் தனியே விழுந்தால் அப்போது யோசிப்போம்.

எங்கள் பக்கத்தில் பற்றரியைக் கொல்வது வேறு சாமான்கள்: சூடும் தூசியும். ஏ9 காபெற் பாதையை விட்டு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கிரவல் பாதையில் ஓடும் அக்குவாக்கள் (ரொயோட்டாவின் சின்ன ஹைபிரிட்) என் கராச்சுக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது பின் சீற்றடியில் இருக்கும் காற்று வாயைத்தான். செம்மண்ணும் பூனை மயிரும் அடைத்துப் போய், பற்றரி மூச்சு விட முடியாமல் கொதித்துக்கொண்டிருக்கும். உன் பிரியஸிலும் பின் சீற்றின் பக்கத்தில் அந்த வாய் இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றைத்தான் அது உறிஞ்சும். மாரியில் உன் பிள்ளைகள் தடித்த ஜக்கற்றைக் கழற்றி அதன் மேலேயே போட்டிருப்பார்கள். அங்கே ஒன்றும் வைக்கக்கூடாது என்று சொல்லிவை.

2022 பெற்றோல் தட்டுப்பாடு நினைவிருக்கும், நீ பயந்து போய்ப் போன் எடுத்துக் கேட்டாய். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து கொடுத்த காலம். அப்போது இந்த ஊரில் அக்குவா வைத்திருந்தவனுக்கு அந்த இருபதில் 400 கிலோமீற்றர் ஓட்டம் வந்தது. மருத்துவமனை ஓட்டத்துக்குப் பக்கத்து வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு வவுனியா போய் வந்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் நான் ஹைபிரிட் வேலையை முழுமூச்சாகப் பழகினேன். ஒரு லீற்றருக்குள் எத்தனை பேரின் வேலை இருக்கிறது என்பதை எங்கள் சனம் இரண்டு தடவை படித்துவிட்டது.

ஊர்ப் புதினம் கொஞ்சம். இந்த மாரியில் மழை நன்றாகப் பெய்து இரணைமடு நிறைந்தது, வான்கதவு திறந்துவிட்டார்கள். தாழ்ந்த வயல்களில் கொஞ்சம் அழிவு, மேட்டு வயல்களில் விளைச்சல் நன்றாக நிற்கிறது. காலையில் பனி கொட்டுகிறது. சனம் தலைக்குத் துவாய் சுற்றிக்கொண்டு திரிகிறது. இருபது பாகைக்கே இந்தப் பாடு, உன்னை நினைத்தால் பாவமாக இருக்கிறது. உன் வளவு வேலியை அடைப்பித்துவிட்டேன், காசு பிறகு பார்க்கலாம்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. இனிமேல் ராங்க் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் லீற்றரையும் ஓடிய கிலோமீற்றரையும் அன்றைய வெப்பத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வை. ஜனவரியை ஜூலையோடு ஒப்பிடாதே, போன ஜனவரியோடு ஒப்பிடு. பழைய பற்றுச்சீட்டுகள் இருந்தால் தேடி எடு. ஸ்கானர் வைத்திருக்கும் யாரிடமாவது அந்த 14 வோல்ற்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கராச்காரரிடம் முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் கூட்டாளி,
பரந்தனிலிருந்து.